பாராகிளைடரில் பறந்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 44. கணக்குப் பிரிவில் 19 வருட வேலை. வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது, கடன் கிடையாது. மகன் படிப்புக்காக வெளியூர் போய் ஒரு வருடம் ஆகிறது. குறையென்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறேனே தவிர உயிர்ப்போடு இல்லை. போன வருடம் துணிந்து பாராகிளைடிங் போனேன். மூன்று நாள் கால் தரையில் பாவவில்லை. நாலாம் நாள் பழைய கதை. பள்ளி நாட்களில் நீச்சல் தெரியும் என்பதால் மறுபடி குளத்தில் இறங்கினேன். ஒரு நீளம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, இரண்டு நாளோடு சரி. கிடார் வாங்கினேன், உறையிலேயே இருக்கிறது. ராத்திரியில் இரண்டு மணி நேரம் கைப்பேசியோடு போகிறது. வருடக் கணக்கு முடிக்கும் வாரத்தில் மட்டும் சாப்பாடுகூட மறந்துபோகும் அளவுக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. நிஜமாகவே உயிரோடு இருக்கிறோம் என்ற உணர்வைத் தரும் செயல்கள் என்னென்ன? பட்டியல் தந்தால் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பேன்.

பதில்:

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். மலை ஏறுங்கள், மண்பாண்டம் செய்யுங்கள், விடியலைப் பாருங்கள் என்று நூறு எழுதிவிடலாம். அதில் எதைத் தொட்டாலும் கிடாருக்கு நேர்ந்ததுதான் நேரும். உங்களுக்கான விடை கடிதத்திலேயே இருக்கிறது. அதுவும் நீங்கள் குறையாக எழுதிய வரியில்.

கணக்கு முடிக்கும் வாரத்தில் சாப்பாடு மறக்கிறது என்கிறீர்கள். அந்த வாரத்தின் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பற்று, வரவு இரண்டு பக்கமும் நேராகவில்லை, 2,700 இடிக்கிறது. பாதியாக்கிப் பார்க்கிறீர்கள்: 1,350. அந்தத் தொகையில் பற்று ஏதாவது தவறி வரவுப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா? இல்லை. 9-ஆல் வகுக்கிறீர்கள், மிச்சமில்லாமல் 300. அப்படியானால் எங்கோ ஆயிரத்தின் இலக்கமும் நூறின் இலக்கமும் இடம் மாறியிருக்கலாம், இரண்டுக்கும் இடையே 3 வித்தியாசம் இருக்க வேண்டும். பக்கங்களைப் புரட்டுகிறீர்கள். 4,700 இருக்க வேண்டிய இடத்தில் 7,400. திருத்தியதும் வித்தியாசம் பூஜ்யம். நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்று.

இதை நீங்கள் உழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மனவியலில் இதற்கு வேறு கணக்கு உண்டு. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் தொடங்கி, மனிதர்கள் தம்மை மறந்து ஒன்றில் ஆழ்ந்துபோகும் நிலையை ஆராய்ந்தவர். பங்கேற்றவர்களிடம் பேஜர் கொடுத்து, நாளில் எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனம் எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னார். அந்த ஆழ்ந்த நிலைக்கு அவர் கண்ட நிபந்தனைகள் முக்கியமாக மூன்று. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது அப்போதைக்கு அப்போதே தெரிய வேண்டும். கஷ்டம் நம் திறமையை எட்டிப் பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் சலிப்பு, கூடினால் பதற்றம். வித்தியாசத்தைத் தேடிய உங்கள் ஒரு மணி நேரத்தில் மூன்றும் இருந்தன.

1989-இல் அவர் ஜூடித் லெஃபெவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கையும் வெளிப்பட்டது. அந்த ஆழ்ந்த நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகமாக வந்திருந்தது. அதே வேலை நேரத்தில், ‘இதை விட்டுவிட்டு வேறு எதையாவது செய்தால் தேவலை’ என்றுதான் பங்கேற்றவர்கள் குறித்திருந்தார்கள். வேலை என்ற பெயரைப் பார்த்ததுமே அதில் கிடைத்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். நீங்கள் செய்திருப்பதும் அதுதான்.

இப்போது பாராகிளைடிங். நீங்கள் போனது இருவர் பறக்கும் வகை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை போகிறவர்களை அப்படித்தான் கூட்டிப்போவார்கள். அதில் நீங்கள் முன்னால், பைலட் பின்னால். சரிவில் நாலைந்து எட்டு ஓடியது மட்டும்தான் உங்கள் பங்கு. காற்றைப் படித்தது, பிரேக் கயிற்றை இழுத்தது, இறங்கும் இடத்தைக் கணித்தது எல்லாம் அவர். பறந்தது அவர், நீங்கள் பயணி. உங்களுக்குக் கிடைத்தது பயமும், பயம் தீர்ந்த நிம்மதியும். அந்த நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும். மூன்று நாள் நீடித்தது நினைவும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த பேச்சும். திறமை எதுவும் வளராததால், அடுத்த தடவை அதே உணர்வு வேண்டுமென்றால் இன்னும் உயரமான, இன்னும் ஆபத்தான ஏதாவது தேவைப்படும். பறப்பதுதான் நிஜமாகப் பிடித்தது என்றால் பைலட் பயிற்சியில் சேருங்கள். முதலில் சமதரையில் நின்று இறக்கையைக் காற்றில் நிமிர்த்தித் தலைக்கு மேல் நிறுத்தத்தான் பழக்குவார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சலிப்பாகத் தெரியும் அந்தப் பயிற்சியில், உங்கள் பறப்பில் இருந்ததைவிட உயிர்ப்பு அதிகம்.

மேலே போவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். அந்தக் கணக்கு வாரத்திலும்கூட எதிலும் ஒட்டவில்லை, பெரும்பாலான நாட்களில் எதிலுமே ஆர்வமில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது, தூக்கமோ பசியோ மாறியிருக்கிறது என்றால் இது பொழுதுபோக்கு தேடும் விஷயமல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள். உடம்பும் இதே வேஷம் போடும். 44 வயதில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12 நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. பெண்ணென்றால், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களின் ஹார்மோன் ஏற்ற இறக்கமும் தூக்கத்தைக் கெடுத்து ஆளை மந்தமாக்கும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சோர்வு தரும், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றில் துக்கத்தோடு சேர்ந்து சந்தோஷமும் மழுங்கும். அப்படித் தோன்றினால் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இதற்கு நேரெதிரும் உண்டு. நாலு நாளாக மூன்று மணி நேரத் தூக்கமே போதுமென்று தோன்றி, பேச்சு வேகமெடுத்து, செலவு கைமீறி, ‘இப்போதுதான் வாழ்கிறேன்’ என்று துள்ளுவதும் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலைதான்.

அதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், அடுத்து ஒரு வாரக் கணக்கு. இது உங்களுக்குக் கைவந்த வேலை. ஒரு சின்ன நோட்டில் நாளுக்கு ஆறேழு வரி எழுதுங்கள். என்ன செய்தீர்கள், 0 முதல் 10 வரை எவ்வளவு உயிர்ப்பாக இருந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு திறமை தேவைப்பட்டது, மனம் அதிலேயே இருந்ததா அலைந்ததா. செய்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், அன்றைய கடைசி மனநிலை எல்லா வரிக்கும் ஒரே சாயம் பூசிவிடும். ஒரு அனுபவத்தை நாம் எவ்வளவு நேரம் அனுபவித்தோம் என்பதை நினைவு கண்டுகொள்வதில்லை, உச்சத்தையும் முடிவையும்தான் பிடித்துவைக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். அதனால்தான் ஞாபகத்தைக் கேட்டால் ‘பாராகிளைடிங்’ என்கிறது, நோட்டைக் கேட்டால் செவ்வாய் மதியத்தைக் காட்டும்.

புதிதாக எதையாவது செய்யப்போகும்போது மட்டும் கூடுதலாக ஒரு எண்: எவ்வளவு உயிர்ப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இந்த முன்கணிப்பில் நாம் அடிக்கடி கோட்டை விடுகிறோம். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலில் அறிமுகமில்லாதவரிடம் பேசினால் பயணம் மோசமாக இருக்கும் என்றுதான் ஆட்கள் கணித்தார்கள். நிஜமாகவே பேச வைக்கப்பட்டவர்கள், மௌனமாக வந்தவர்களைவிட இனிமையான பயணம் என்று சொன்னார்கள். களைத்த மாலையில் உங்கள் மனம் தரும் கணிப்பும் இதே லட்சணம்தான். ‘மனசு வரட்டும், போகிறேன்’ என்று காத்திருந்தால் வராது. போய்ப் பத்து பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அது வந்து சேர்ந்துகொள்ளும்.

இனி நீச்சல். உங்கள் முயற்சிகளில் நான் கைவிட வேண்டாம் என்று சொல்வது இதைத்தான். ஒரு நீளத்தில் மூச்சு வாங்கியதற்கு வயதைக் குற்றம் சொல்லியிருப்பீர்கள். நெடுநாள் கழித்து இறங்குகிறவர்களிடம் தவறுவது பெரும்பாலும் மூச்சை வெளியே விடுவது. முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். கரியமிலவாயு சேரச் சேரத் திணறல் வரும். முகத்தைத் திருப்பியதும் கிடைக்கும் ஒரு நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதியதை இழுக்க நேரம் போதாது, நுனி மூச்சு மட்டும் உள்ளே போகும். நாலு கைவீச்சில் நெஞ்சு அடைக்கும். அதோடு பதறித் தலையைத் தூக்குவார்கள். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும், இறங்கிய காலை மிதக்கவைக்க வேகமாக உதைப்பார்கள். தொடைத் தசை பெரிய தசை, ஆக்ஸிஜனை விழுங்கித் தீர்த்துவிடும். இரண்டு நாளில் நீங்கள் அலுத்துப்போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

முதல் இரண்டு முறை நீந்தவே வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் குளமாகப் பார்த்து, மார்பளவு ஆழத்தில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்துங்கள். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ஒரே சீராகக் குமிழி விடுங்கள், மனதுக்குள் நாலு எண்ணும்வரை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள். பதினைந்து தடவை செய்யுங்கள், ஓய்வெடுங்கள், மறுபடி பதினைந்து. திருப்பும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு கண்ணும் வெளியே வந்துவிட்டால் தலையைத் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். உடனுக்குடன் சரி தப்பு தெரிவது என்றேனே, அதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. மூன்றாம் முறை 25 மீட்டரை மெதுவாகப் போங்கள், இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு, கால் சும்மா ஆடினால் போதும். ஓரத்தில் 45 நொடி நில்லுங்கள். ஆறு தடவை, மொத்தம் 150 மீட்டர். ஐந்தும் ஆறும் சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் முடிய வேண்டும். ஆறும் சுலபமாகிவிட்ட வாரத்தில் ஓய்வை 30 நொடியாகக் குறையுங்கள், அதற்கடுத்து எட்டுத் தடவையாகக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் மறுபடி பழைய திணறல்தான். நீருக்கடியில் எவ்வளவு நேரம் தம் பிடிக்கலாம் என்று விளையாட்டுக்கும் சோதிக்க வேண்டாம், வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கவே கூடாது. முன்னறிவிப்பில்லாமல் நினைவு தப்பும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள்.

ஆறாம் தடவை முடித்து ஓரத்தைப் பிடிக்கும்போது இதயம் அடிப்பது காதில் கேட்கும், தண்ணீர் தோளில் இறங்குவது தனித்தனியாகத் தெரியும். நீங்கள் கேட்ட உணர்வின் உடம்புப் பாதி இது. நோட்டில் அன்றைக்கு எட்டோ ஒன்பதோ விழும்.

மூளைப் பாதிக்கு, அந்த 7,400-க்கே திரும்பி வருவோம். உங்களுக்குப் பிடித்திருப்பது எண்கள்தான் என்று சொல்ல முடியாது. மறைந்திருக்கும் ஒரு பிழையைத் தடயம் பார்த்துப் பிடிப்பதில் உங்களுக்கு ருசி இருக்கிறது. ஆகவே ‘மனம்போன போக்கில் வண்ணம் தீட்டுங்கள்’ போன்ற யோசனைகள் உங்களுக்கு ஒட்டாமல் போக வாய்ப்பு அதிகம். ஓடாத கடிகாரத்தைத் திறந்து எந்தப் பல்சக்கரத்தில் சிக்கல் என்று தேடுவது, அளவெடுத்துத் துணி வெட்டித் தைத்துத் தோளில் ஏன் சுருக்கம் விழுகிறது என்று கண்டுபிடிப்பது, சதுரங்கத்தில் தோற்ற ஆட்டத்தைத் திரும்ப நகர்த்தி எங்கே கோட்டை விட்டோம் என்று பார்ப்பது, மரத்தில் கேட்கும் குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்ல முயல்வது, இந்த ஜாதியில் தேடுங்கள். ஒன்றே ஒன்று போதும். கஷ்டத்தின் அளவுக்கு என் கைக்கணக்கு இது: ஐந்து முயற்சியில் ஒன்று தவற வேண்டும். ஒன்றுமே தவறாவிட்டால் ஒரு படி ஏற்றுங்கள், மூன்று தவறினால் இறக்குங்கள். ஆர்வமாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். முதல் வாரமே சிக்கலான ரவிக்கையை வெட்டுவார்கள், துணி வீணாகும், தையல் இயந்திரம் மூலைக்குப் போகும். நாலு பக்கம் நேராக மடித்துத் தைத்த கைக்குட்டைதான் முதல் வாரத்துக்குச் சரியான சவால்.

மூன்றாவதாக, ஆட்களோடு சேர்ந்து ஏதாவது, வாரம் ஒருமுறை. மகன் கிளம்பிப் போன வீட்டில் இது குறைந்திருக்கும், நீங்கள் எழுதவில்லையே தவிர. சேர்ந்து பாடுவது, கூட்டாக நடப்பது, யாருக்காவது கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, எதுவானாலும் சரி. நீங்கள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று ஒருவர் கேட்கும் இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கைப்பேசியின் இரண்டு மணி நேரத்தில் கைவைத்தால் போதும். அதை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு முடிவென்று ஒரு புள்ளி கிடையாது, அதனால்தான் அதற்குப் பின்னால் வைத்த எதுவும் நடப்பதில்லை. மற்றதை முன்னால் வையுங்கள். ஒரு அமர்வுக்கு 40 நிமிடமாவது வேண்டும், ஏனென்றால் முதல் பதினைந்து ஆழ்வதற்கே போய்விடும். இடையில் ஒரு அழைப்பை எடுத்தால் அந்தப் பதினைந்தை மறுபடி கட்ட வேண்டும். வாரம் நீச்சல் இரண்டு, தேடும் வேலை இரண்டு, கூட்டம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ‘இனிமேல் நீந்துவேன்’ என்று எழுதிவைத்தால் நடக்காது. ‘செவ்வாயும் வெள்ளியும் அலுவலகப் பையைக் கீழே வைத்த கையோடு நீச்சல் பையை எடுப்பேன், உட்காருவதற்கு முன்’ என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எதைத் தொடர்ந்து என்பதைக் கட்டிவைத்தால் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் உறுதிப்பட்ட விஷயம். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாளில் அமைந்தது, மெதுவானவர்களுக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

எட்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்து, எதிர்பார்ப்பு எண்ணையும் நிஜ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். எந்த வேலையில் நிஜம் தொடர்ந்து முந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தடவை செய்து பார்த்தும் ஐந்துக்குக் கீழேயே நின்றதை, எவ்வளவு உயர்ந்த கலையாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

கிடாருக்கும் அதே நியாயம். உறையை விட்டு வெளியே எடுத்து, கண்ணில் படும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி ஐந்தாம், நான்காம் தந்திகளை இரண்டாம் கட்டத்தில் அழுத்தி எல்லாத் தந்தியையும் மீட்டினால் ஈ மைனர் என்ற சுரக்கூட்டு கிடைத்துவிடும், இரண்டே விரல். கட்டத்தின் முடிவில் பதித்திருக்கும் உலோகக் கம்பிக்கு ஒட்டி அழுத்துங்கள், தள்ளி அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்று இரையும். உலோகத் தந்தியாக இருந்தால் விரல்நுனி சில வாரம் வலிக்கும், பிறகு காய்த்துவிடும். அதனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு நாள் பார்த்தும் நோட்டில் எண் ஏறவில்லை என்றால், ஆசையாகக் கேட்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் தந்திகளை மாற்றிவிடுங்கள், நெடுநாள் உறையில் கிடந்து துருவேறிய தந்தி சுதியில் நிற்காது.